நாய், பூனை ஸ்கேனில் தேடாத ஒன்று தெரிந்தால்

மாங்கொட்டையை விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகத்தில் ஒன்பது வயது லேப்ரடாருக்கு வயிற்று அல்ட்ராசவுண்ட் எடுக்கிறார்கள். கொட்டை இல்லை. ஆனால் ரிப்போர்ட்டில் ‘மண்ணீரலில் 14 மி.மீ. கட்டி’ என்று ஒரு வரி இருக்கிறது. மாடியிலிருந்து விழுந்த பூனையின் கால் முறிவுக்காக எடுத்த எக்ஸ்ரேயில், வயிற்றுக்குள் சம்பந்தமே இல்லாமல் ஒரு வெள்ளை வட்டம் தெரிகிறது. வயதான பிராணிகளில் இதெல்லாம் அன்றாட விஷயம். எட்டு வயதைத் தாண்டிய நாயின் வயிற்றை நல்ல மெஷினில் நிதானமாகப் பார்த்தால் பெரும்பாலும் ஏதோ ஒன்று கண்ணில் படத்தான் செய்யும்.

இப்படிக் கிடைப்பவற்றில் பெரும்பகுதிக்கு எதுவும் செய்ய வேண்டாம். சிலவற்றைத் தேதி குறித்து மறுபடி அளக்க வேண்டும். மிகச் சிலவற்றுக்கு அன்றைக்கே முடிவெடுக்க வேண்டும். பிரித்துப் பார்க்க மூன்று கேள்விகள் போதும், இதே வரிசையில்: அது உண்மையிலேயே அங்கே இருக்கிறதா? இருந்தால், அந்த வயதிலும் இனத்திலும் வழக்கமாகக் காண்பதுதானா? இல்லையென்றால், அது என்னவென்று தெரிந்துகொள்வதால் சிகிச்சை மாறுமா? கடைசிக் கேள்விக்கு ‘மாறாது’ என்பது பதிலானால் மேற்கொண்டு டெஸ்ட் எடுப்பது பிராணிக்குத் தொந்தரவு, உங்களுக்குச் செலவு.

முதலில் கேட்டு வாங்க வேண்டியவை

ரிப்போர்ட்டில் அளவு மில்லிமீட்டரில் இருக்கிறதா என்று பாருங்கள். ‘சிறிய கட்டி’ என்று மட்டும் எழுதியிருந்தால், மூன்று மாதம் கழித்து அது வளர்ந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. எந்த உறுப்பில் எந்தப் பகுதி, எத்தனை, இரண்டு கோணங்களில் பார்த்தபோதும் தெரிந்ததா, உறுப்பின் வெளிக்கோட்டைத் தள்ளிக்கொண்டு நிற்கிறதா, உள்ளே நீர் நிறைந்த குழிகள் உண்டா, வயிற்றில் நீர் தேங்கியிருக்கிறதா: இவ்வளவும் வேண்டும். படங்களை டைகாம் (ஸ்கேன் மெஷினின் மூலப்பட வடிவம்) கோப்பாக பென்டிரைவிலோ சி.டி.யிலோ வாங்குங்கள். ஃபிலிமை ஜன்னலில் பிடித்து எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தை வைத்து இரண்டாவது கருத்துச் சொல்வது எந்த நிபுணருக்கும் முடியாத காரியம்.

உங்கள் பக்கத்திலிருந்து டாக்டருக்குச் சொல்ல வேண்டியதும் உண்டு. கடந்த சில மாதங்களில் அரிப்புக்கு ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ போட்டிருந்தால் கல்லீரல் பெருத்து வெளுப்பாகத் தெரியும், சிறுநீரகத்தை ஒட்டியுள்ள அட்ரீனல் சுரப்பி சுருங்கியிருக்கும். ஸ்கேனுக்கு முன் ஏஸ்புரோமசின் போன்ற மயக்க மருந்து போட்டிருந்தால் மண்ணீரல் வீங்கித்தான் தெரியும். அது மருந்தின் வேலை, நோயல்ல. டிரிப்ஸ் ஏற்றியிருந்தால் சிறுநீரகத்தின் நடுக்குழி 2, 3 மி.மீ. விரியலாம். அதே குழி 13 மி.மீ. தாண்டினால் டிரிப்ஸைக் காரணம் காட்ட முடியாது. கீழே அடைப்பைத் தேட வேண்டும்.

எக்ஸ்ரே ஏமாற்றும் இடங்கள்

நெஞ்சு எக்ஸ்ரேயில் நுரையீரல் மேல் தெரியும் வட்டப் புள்ளிதான் வீட்டாரை அதிகம் கலங்கடிப்பது. புற்று பரவிவிட்டது என்று முடிவுகட்டும் முன் நாயைத் தடவிப் பாருங்கள். முலைக்காம்பு, மரு, ரத்தம் குடித்து உப்பிய உண்ணி எல்லாமே படத்தில் அதே மாதிரி வட்டமாக விழும். சரிபார்ப்பது எளிது: சந்தேகப்பட்ட காம்பின் மேல், எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் பேரியம் பேஸ்ட் துளி தடவி, அதே கோணத்தில் மறுபடி ஒரு படம். புள்ளியும் பேரியமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் விஷயம் முடிந்தது. உண்ணியைப் பிடுங்கிவிட்டு எடுத்தாலே போதும். ஈரமான ரோமமும், அதில் ஒட்டிய மணலும்கூடக் கோடும் புள்ளியுமாக விழும். துடைத்துவிட்டு எடுக்க வேண்டும்.

நெஞ்சுக்கு ஒரே ஒரு படம் எடுத்து முடிவு சொல்வதை ஏற்காதீர்கள். வலது பக்கம் படுத்து, இடது பக்கம் படுத்து, மல்லாந்து என மூன்று படம் வேண்டும். நாய் எந்தப் பக்கம் படுத்திருக்கிறதோ அந்த நுரையீரல் அழுந்திக் காற்றிழந்துவிடும். அதிலுள்ள கட்டி மறைந்துபோகும். மேல் பக்கத்து நுரையீரல்தான் தெளிவாகத் தெரியும்.

மூன்றிலும் புள்ளிகள் தெரிந்தால் அவற்றின் வெண்மையைக் கவனியுங்கள். புற்றுப் பரவல் மென்திசு. 3 முதல் 5 மி.மீ. வளரும்வரை எக்ஸ்ரேயில் தெரியாது, தெரிந்தாலும் மங்கலாக இருக்கும். 2 முதல் 4 மி.மீ. மட்டுமே இருந்தும் எலும்பைப் போல் பளிச்சென்று, விளிம்பு ஒழுங்கில்லாமல் இருந்தால் அது நுரையீரலுக்குள் வளர்ந்த எலும்புத் துணுக்கு. வயதான நாய்களில், குறிப்பாகப் பெரிய இனங்களில் சாதாரணம்; எதுவும் செய்ய வேண்டாம். ரத்தக்குழாய் நேர்முனையில் தெரிந்தாலும் வட்டமாக விழும். பக்கத்திலேயே அதே பருமனுள்ள மூச்சுக்கிளை இருக்கும், வட்டத்திலிருந்து ஒரு வால் நீளும். தீராத சந்தேகத்துக்கு சி.டி. ஸ்கேன்; அதற்கு வசதியில்லையென்றால் 4 முதல் 6 வாரம் கழித்து அதே மூன்று படங்கள்.

பூனையின் கழுத்தடியில் தெரியும் மெல்லிய வளைந்த எலும்பை மீன்முள் என்று நினைத்து எண்டோஸ்கோபிக்கு ஏற்பாடு செய்துவிட வேண்டாம். பூனைக்குக் காறை எலும்பு எதிலும் இணையாமல் சதைக்குள் மிதக்கிறது. பக்கவாட்டுப் படத்தில் அதுதான் தெரியும். நாயின் முழங்காலுக்குப் பின்னால் தெரியும் உருண்டை எலும்புகளும் இயல்பானவையே, முறிந்த துண்டுகள் அல்ல. மேலே சொன்ன பூனை வயிற்றின் வெள்ளை வட்டம் பெரும்பாலும் ரத்த ஓட்டம் அறுந்து செத்துப்போன கொழுப்பு. அதைச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்து வட்டமாகத் தெரியும். வயிற்றுக்குள் மிதந்து, ஒவ்வொரு படத்திலும் இடம் மாறினால் அதுவேதான்.

ஏர்கன் குண்டு தெரிவதும் தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாய், பூனைகளில் புதிதல்ல. தோலடியிலோ சதையிலோ ஆறிப்போய்க் கிடந்தால் விட்டுவிடலாம். மூட்டுக்குள்ளோ இரைப்பைக்குள்ளோ இருந்தால் ஈயம் மெல்லக் கரையும் ஆபத்து உண்டு, அதனால் எடுக்க வேண்டும். எம்.ஆர்.ஐ.க்குப் போவதானால் உடம்பில் குண்டு இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மண்ணீரல்: அவசரமும் அலட்சியமும் கூடாத இடம்

நாயின் மண்ணீரல் கட்டி என்றதும் இணையத்தில் தேடுபவர்களுக்கு முதலில் கிடைப்பது ‘மூன்றில் இரண்டு பங்கு புற்று’ என்ற கணக்கு. அந்தக் கணக்கு பெரும்பாலும் கட்டி உடைந்து, வயிற்றுக்குள் ரத்தம் கொட்டி, தள்ளாடிக்கொண்டு வந்த நாய்களிடமிருந்து வந்தது. வேறு காரணத்துக்கு எடுத்த ஸ்கேனில் தற்செயலாகக் கிடைத்த, உடையாத கட்டிகளில் நிலைமை தலைகீழ்: பெரும்பான்மை தீங்கற்றவை. திசுப் பெருக்கம், ரத்தக்கட்டு, மண்ணீரலிலேயே ரத்த அணு உற்பத்தியாகும் இடம் என்று ஏதாவதாக இருக்கும்.

ஸ்கேன் தோற்றம் ஓரளவு வழிகாட்டும். ரத்தக்குழாய்கள் நுழையும் ஓரத்தை ஒட்டி, பளிச்சென்று வெளுப்பாக, 1 செ.மீ.க்குள் இருப்பது அநேகமாகக் கொழுப்புக் கட்டி, விட்டுவிடலாம். சாம்பல் நிறத்தில் 1 செ.மீ.க்குக் கீழ், வெளிக்கோட்டைத் தள்ளாமல் இருந்தால் 4 முதல் 6 வாரத்தில் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்தில் ஒருமுறை அளங்கள். 2 செ.மீ.க்கு மேல், வெளிக்கோட்டை உந்திக்கொண்டு, உள்ளே நீர்க்குழிகளோடு இருந்தால் காத்திருப்பதைவிட மண்ணீரலை எடுத்துவிடுவது பற்றிப் பேசுவது நல்லது. அதன் பெயர் என்னவாக இருந்தாலும் உடைந்தால் உயிருக்கு ஆபத்து. இப்படிக் குழி விழுந்த கட்டியில் ஊசி வைத்துச் செல் எடுப்பதில் லாபம் குறைவு: ஊசியில் வெறும் ரத்தம்தான் வரும், கசியவும் செய்யும்.

கட்டியே இல்லாமல் மண்ணீரல் முழுக்கப் பெருத்திருப்பது வேறு கதை. நம் ஊரில் அதற்கு முதல் சந்தேகம் உண்ணிக் காய்ச்சல்: எர்லிக்கியா, பேபீசியா. புற்று பற்றி யோசிக்கும் முன் ரத்தப் பூச்சு (ஸ்மியர்), பிளேட்லெட் எண்ணிக்கை, முடிந்தால் பி.சி.ஆர். எடுத்துவிடுங்கள். பிளேட்லெட் குறைந்திருக்கும்போது எந்த உறுப்பிலும் ஊசி வைக்கக் கூடாது என்பதற்காகவும் இந்த வரிசை.

அறுவை என்று முடிவானால் முன்கூட்டியே வேண்டியவை: மேலே சொன்ன மூன்று நெஞ்சுப் படங்கள், இதய எக்கோ (வலது மேலறையில் கட்டி இருந்தால் முடிவே மாறும்), ரத்தம் உறையும் நேரம், ரத்தம் கொடுக்கத் தயாராக ஒரு நாய். எடுத்தபின் பலரும் சொதப்பும் இடம் திசுப் பரிசோதனை. ஒரே ஒரு துண்டு வெட்டி அனுப்பினால், கட்டியின் நடுவிலுள்ள ரத்தக்கட்டு மட்டுமே லேபுக்குப் போகும், ‘தீங்கற்றது’ என்று பதில் வரும், விளிம்பிலிருந்த புற்று தப்பிவிடும். கட்டியும் நல்ல திசுவும் சேரும் எல்லையிலிருந்து பல துண்டுகள் வேண்டும். முழு மண்ணீரலாக அனுப்புவதானால் ஃபார்மலின் உள்ளே இறங்கும்படி இடையிடையே கீறிவிட்டு, திசுவைப்போல் பத்து மடங்கு 10% ஃபார்மலினில் போட வேண்டும்.

வீட்டில் காத்திருக்கும் நாட்களில் ஈறைப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். நல்ல நிலையில் அதன் நிறம் என்ன, விரலால் அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்புகிறதா என்று இன்றே பார்த்து வையுங்கள். ஈறு வெளுத்து, நாய் திடீரென்று துவண்டு, வயிறு உப்பினால் அது நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டிய நேரம்.

பித்தப்பை

‘பித்தப்பையில் கசடு’ என்ற வரியைப் பார்த்து மாத்திரை ஆரம்பிக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. நாய்களில் அது மிகச் சாதாரணம். கேட்க வேண்டியது ஒன்றுதான்: நாயைப் புரட்டிப் படுக்கவைத்தபோது கசடு நகர்ந்ததா? நகர்ந்து கீழே தேங்கினால் கவலை குறைவு. நகராமல் சுவரோடு ஒட்டி நின்றாலோ, கிவிப் பழத்தைக் குறுக்கே வெட்டியதுபோல் நடுவிலிருந்து கோடுகள் விரிந்தாலோ, அது சளி இறுகிய பித்தப்பை. வெடிக்கக்கூடியது. உடல்நிலை நன்றாக இருக்கும்போதே பித்தப்பையை எடுத்த நாய்கள், வெடித்தபின் எடுத்தவற்றைவிட எவ்வளவோ அதிகம் பிழைக்கின்றன. பொமரேனியன், காக்கர் ஸ்பேனியல் வளர்ப்போர் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். தைராய்டு குறைவும் குஷிங் நோயும் (உடலில் கார்ட்டிசோல் ஹார்மோன் மிகுவது) இதற்கு வழிவிடுவதால் கொழுப்பு, தைராய்டு அளவுகளையும் பார்ப்பார்கள். பூனையின் பித்தப்பை இரண்டாகப் பிளந்தாற்போல் தெரிந்தால் அது பிறவி அமைப்பு, நோயல்ல.

அட்ரீனல் சுரப்பி

தடிமன்தான் இங்கே முக்கியம், நீளமல்ல. 10 கிலோவுக்குக் கீழுள்ள நாய்களில் சுமார் 6 மி.மீ., பெரியவற்றில் 7.5 மி.மீ. வரை இயல்பு. இரண்டு பக்கமும் கொஞ்சம் தடித்திருந்தால் குஷிங்காக இருக்கலாம், வேறு நோயின் அழுத்தமாகவும் இருக்கலாம். நாய் அதிகமாகத் தண்ணீர் குடிப்பது, அடிக்கடி மூத்திரம் போவது, வயிறு தொங்குவது, முடி கொட்டுவது எதுவுமே இல்லையென்றால் குஷிங் டெஸ்ட் எடுக்காதீர்கள். அறிகுறியற்ற நாயில் அது தவறாக ‘இருக்கிறது’ என்று வருவது சகஜம்; பிறகு இல்லாத நோய்க்கு வாழ்நாள் மாத்திரை.

ஒரு பக்கம் மட்டும் கட்டி என்றால் முதல் வேலை ரத்த அழுத்தம். அழுத்தம் அளக்கக் காலில் சுற்றும் பட்டையின் அகலம் காலின் சுற்றளவில் 40 சதவீதம் இருக்க வேண்டும். நாய் அமைதியானபின் ஐந்தாறு முறை எடுத்து, முதல் அளவைத் தள்ளிவிட்டுச் சராசரி பார்க்க வேண்டும். மேல் அளவு 160-ஐத் தாண்டினால் உயர்வு. 180-ஐத் தாண்டினால் கண், மூளை, சிறுநீரகத்துக்கு ஆபத்து. விட்டுவிட்டு அழுத்தம் எகிறினால், அட்ரீனலின் சுரக்கும் கட்டியாக இருக்கலாம். அது தெரியாமல் பல் சுத்தம் செய்யக்கூட மயக்கம் கொடுப்பது ஆபத்து. கட்டி 2 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ, பக்கத்துப் பெருநாளத்துக்குள் நுழைந்திருந்தாலோ அறுவை நிபுணரிடம் போக வேண்டும். 2 செ.மீ.க்குக் கீழ், அழுத்தம் சரி, அறிகுறி இல்லை என்றால் ஒரு மாதத்தில் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. வயதான பூனைகளின் அட்ரீனலில் சுண்ணாம்பு படிந்திருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். ஒரு பக்கக் கட்டியோடு பொட்டாசியமும் குறைந்திருந்தால் மட்டும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் அளவைப் பார்க்க வேண்டும்.

மற்றவை, சுருக்கமாக

வயதான நாயின் கல்லீரலில் சிறு முடிச்சுகள் பெரும்பாலும் முதுமையின் திசுப் பெருக்கம். பெர்சியன் பூனையின் இரண்டு சிறுநீரகங்களிலும் நீர்க்கட்டிகள் இருந்தால் அது பரம்பரை நோய். இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது. ஒரே ஒரு சிறுநீரகத்தில் ஒரு நீர்க்கட்டி என்றால் குறித்து வைத்தால் போதும். பூனையின் சிறுநீர்ப்பையில் மிதக்கும் வெண்புள்ளிகள் வெறும் கொழுப்புத் துளிகளாக இருக்கலாம், சிறுநீரை மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். கருத்தடை செய்யாத வயதான ஆண் நாய்க்கு புராஸ்டேட் பெருத்திருப்பது இயல்பு. கருத்தடை செய்த நாய்க்குப் பெருத்திருந்தால், அதிலும் சுண்ணாம்பு படிந்திருந்தால், புற்றைத் தேட வேண்டும்.

பெட்டை நாய்க்கு வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் குட்டிகளின் முதுகெலும்பு வரிசை தெரிவதும் உண்டு. அப்படித் தெரிந்தால் சினை ஆறு வாரத்தைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். கருப்பையில் நீர் மட்டும் தெரிந்தால் சீழாக இருக்கலாம். அது அன்றைக்கே பார்க்க வேண்டிய விஷயம்.

பூனையின் இதயத்தை எக்ஸ்ரே அளவை மட்டும் நம்பி ‘நன்றாக இருக்கிறது’ என்று விட்டுவிடக் கூடாது. சுவர் தடிக்கும் நோயில் வெளி உருவம் மாறாமலே இருக்கும். எக்கோவில் சுவர் 6 மி.மீ. தொட்டால்தான் உண்மை வெளிவரும். நாய்க்கு இதய அளவு சராசரியாக 9.7 முதுகெலும்பு நீளம் என்று கணக்குச் சொல்வார்கள், பக், லேப்ரடார் போன்றவற்றில் நோயில்லாமலே அதைத் தாண்டும்.

முதுகெலும்பு: ஒன்றுபோல் தெரியும் இரண்டு

வயதான நாயின் இடுப்பு முதுகெலும்புகளுக்கு அடியில் பாலம் போட்டதுபோல் எலும்பு வளர்ந்திருப்பது முதுமை. நடை நன்றாக இருந்தால் மருந்து வேண்டாம். பக் நாயின் கோணலான முதுகெலும்பும் பெரும்பாலும் அப்படியே. ஆனால் அதே மாதிரி வளர்ச்சி நெஞ்சுப் பகுதியின் பின்பாதியில், அதாவது 6 முதல் 12-ஆம் முதுகெலும்பு வரையில், மட்டும் இருந்தால் நிறுத்திப் பாருங்கள். சாணி வண்டைத் தின்பதால் வரும் ஸ்பைரோசெர்கா புழு உணவுக்குழாயில் கட்டி உண்டாக்கும்போது இப்படித்தான் எலும்பைத் தொடும். வெளியில் சுற்றும் நாய்க்கு இந்தச் சந்தேகம் வந்தால் உணவுக்குழாய் கடைசிப் பகுதிக்கு எண்டோஸ்கோபியும், மலத்தில் முட்டைப் பரிசோதனையும் வேண்டும். ஆரம்பத்தில் மருந்தாலேயே கட்டுப்படும். விட்டால் கட்டி புற்றாக மாறும், பெருந்தமனியும் பாதிக்கப்படும். டேஷ்ஹண்டின் முதுகுத் தட்டுகளில் சுண்ணாம்பு தெரிந்தால் இன்று வலி இல்லாவிட்டாலும் எடையைக் குறையுங்கள், சோபாவிலிருந்து குதிக்க விடாதீர்கள்.

ஊசி வைத்துப் பார்க்கும் முன்

எஃப்.என்.ஏ.சி.க்கு (மெல்லிய ஊசியால் செல் எடுத்துப் பார்ப்பது) 22 அல்லது 23 கேஜ் ஊசி. மண்ணீரலில் சிரிஞ்சால் உறிஞ்சாமல் ஊசியை மட்டும் முன்னும் பின்னும் நகர்த்தி எடுத்தால் ரத்தம் கலப்பது குறையும். எடுத்தபின் பத்து நிமிடம் கழித்து அதே இடத்தை ஸ்கேனில் பார்த்து, ரத்தம் கசியவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். ஸ்லைடுகளை ஃபார்மலின் பாட்டிலோடு ஒரே பையில் அனுப்பாதீர்கள். ஆவி பட்டாலே செல்கள் நிறமேறாமல் கெட்டுவிடும். சிறுநீர்ப்பைச் சுவரிலுள்ள கட்டிக்கு வயிற்றின் வழியே ஊசி வேண்டவே வேண்டாம். அந்தப் புற்றின் செல்கள் ஊசி போன பாதையில் வளரும். சிறுநீரிலோ, குழாய் வழியாகவோதான் செல் எடுக்க வேண்டும்.

மறுபடி அளப்பது

முடிந்தவரை அதே மெஷின், அதே டாக்டர், அதே பக்கம் படுக்கை. 8 முதல் 12 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் கொடுக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவற்றுக்கும் சிறு குட்டிகளுக்கும் டாக்டரைக் கேட்டே பட்டினி. கிளம்பும் முன் மூத்திரம் போக விடாதீர்கள். வயிற்று முடியைச் சிரைக்கச் சம்மதியுங்கள்; ஜெல்லைக் கொட்டிச் சமாளித்தால் படம் பாதிதான். பழைய படங்களைக் கையோடு கொண்டுபோங்கள். 14 மி.மீ. 15 ஆனது அளப்பவரின் கைப்பிழையாக இருக்கலாம், 14 மி.மீ. 20 ஆனது வளர்ச்சி. இரண்டு மூன்று முறை மாறாமல் இருந்தால் இடைவெளியை ஆறு மாதமாக நீட்டலாம். செலவு இடித்தால் வேப்பேரி, நாமக்கல் போன்ற அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் பழைய படங்களைக் காட்டி அங்கேயே தொடரலாம்.

தொடராமல் விடுவதும் சில நேரம் சரியான முடிவே. பதினாறு வயதுப் பூனையின் கல்லீரலில் முடிச்சு, அறுவை செய்யப் போவதில்லை என்று வீட்டில் முடிவு என்றால், கூடையில் அடைத்து மாதாமாதம் ஸ்கேனுக்குத் தூக்கிப்போக வேண்டாம். அதற்குப் பதில் சமையலறைத் தராசோ குழந்தை தராசோ வைத்து மாதம் ஒருமுறை எடை எடுத்து எழுதுங்கள். 4 கிலோ பூனை 200 கிராம் இழந்தால் 5 சதவீதம். அந்த மாதம் டாக்டரிடம் காட்டுங்கள்.